படம் வரைந்து பாகம் குறி

கீழ்த்தளம், அறை 7
9 ஆகஸ்ட் 2024

அம்மணிக்கு,

நல்லபடியாக இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது. கோபி வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு அங்கப்பனிடம் கொடுத்தாயிற்று. காந்திபுரத்தில் இறங்கி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினேன், ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மலை தெரிந்தது. உன் கட்டிலிலிருந்தும் தெரியுமா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

பெட்டியை வைத்த கையோடு மாடிக்கு ஏறினேன். படி முடிகிற இடத்தில் ஒரு இரும்புக் கதவு. உள்ளேயிருந்த பெண், "யாரைப் பாக்கணுங்க தாத்தா?" என்றாள்.

"கனகம். கோபிசெட்டிபாளையம். இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க."

கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "நீங்க அவங்க மாமாங்களா?" என்றாள்.

கல்யாணமான நாள் முதலாக நீ என்னை அப்படித்தானே கூப்பிடுகிறாய்! நானும் பெருமையாக "ஆமாமுங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

"தாய்மாமன்னா உள்ள விடமாட்டோமுங்க. இது லேடீஸ் வார்டு. புருஷனும் மகனும் மட்டுந்தான்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

மேனேஜர் கிருபாசங்கரிடம் போய், நான்தானப்பா புருஷன் என்று சொன்னேன். மரியாதையான பையன்தான். பதிவில் தாய்மாமன் என்று ஏறிவிட்டதாம். மாற்ற வேண்டுமென்றால் உன்னைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டவர் எழுத்தில் தர வேண்டுமாம். நமக்குப் பிள்ளை என்று இருப்பது உன் அண்ணன் மகன் அருள்குமார் ஒருவன்தான். கையெழுத்துப் போட்ட அவனோ பனியன் வியாபார விஷயமாக வியட்நாம் போயிருக்கிறான். போனில் கேட்டதற்கு, "மெயில் போட்டுடறேனுங்க மாமா, இன்னிக்கே" என்றான்.

மாடியில் படுத்திருப்பவர்கள் யாருக்கும் போன் கிடையாதாம். பேச வேண்டுமென்றால் நர்ஸ் மேசையில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேச வேண்டுமாம். உன்னோடு ஸ்பீக்கரில் பேச எனக்கு என்ன இருக்கிறது? அதனால் எழுதுகிறேன். டீ கொண்டு வரும் மாரியாத்தாள் இதைக் கொண்டுவந்து தருவாள். "ஏனுங் வாத்தியாரே, இந்த வயசுல லவ் லெட்டருங்களா? புடிபட்டா என்ற வேலை போயிருமுங்க" என்று சொல்லிக்கொண்டே டம்ளர் தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்காரர்களைச் சக்கர நாற்காலியில் கீழே ஹாலுக்கு இறக்குவார்களாம். அங்கே பார்ப்போம்.

எப்போதும் உன்,
தம்பிதுரை


மாடி, ஜன்னல் பக்கம்
12 ஆகஸ்ட்

மாமாவுக்குக் கனகம் எழுதிக்கொள்வது.

நீங்கள் வந்தது மாரியாத்தாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரும்புக் கதவு சாத்துகிற சத்தம் தினமும் கேட்பதால் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். சேர்த்த அன்று அருள்குமார் மருந்து வாங்கப் போயிருந்தான். எழுதுகிற பையன் வெளியூர்க்காரன். "வீட்டுக்காரர் பேர் என்ன பாட்டி?" என்றான். நான் சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். "மறந்துபோச்சா?" என்றான். "மறக்கலை கண்ணு, வாயில சொல்றதில்லை" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. எங்கள் அம்மா எங்கள் அப்பா பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் ஐம்பத்து நான்கு வருஷமாகச் சொன்னதில்லை. இதை எல்லாம் வலி மருந்தின் மயக்கம் தெளியாத நேரத்தில் ஒரு சின்னப் பையனுக்கு எப்படி விளக்குவது?

பிறகு, "கீழே ரூமுக்கு வரப்போறது யாரு?" என்றான். "மாமா" என்றேன். எழுதிக்கொண்டான்.

இப்போது என் கட்டில் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்குகிறது. ஞாபக மறதி என்று அதில் எழுதியிருக்கிறதாம். பக்கத்துக் கட்டில் ரம்ஜான் பீவி அக்கா படித்துச் சொன்னார். அதிலிருந்து நான் எதைச் சொன்னாலும் "சரிங்க பாட்டி, சரிங்க பாட்டி" என்கிறார்கள். ஆனால் அவர்கள் நினைத்ததைத்தான் செய்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கி வர முடியவில்லை. கால் வலி. நீங்கள் ஹாலில் காத்திருந்ததாக மாரியாத்தாள் சொன்னாள். இனிமேல் காத்திருக்க வேண்டாம்.

சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறீர்களா, இல்லை வழக்கம்போல் சாப்பிட்டு எழுந்த பிறகு நினைவு வருகிறதா? மறதி அட்டை யாருக்கு மாட்ட வேண்டியது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கனகம்


அறை 7
16 ஆகஸ்ட்

அம்மணிக்கு,

மாத்திரை முன்னால்தான் போடுகிறேன். நீ சொன்ன பிறகு.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். நாற்காலிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொரு தடவை லிப்ட் திறக்கும்போதும் எழுந்து நின்றேன். கடைசியில் தள்ளிக்கொண்டு வந்த பெண், "உங்காளு வரமாட்டேன்னுட்டாங்க" என்றாள். கால்வலி என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்று நீ சொன்னதாகத்தான் சொன்னாள். என்மேல் ஏதாவது வருத்தமா? ஆபரேஷன் அன்று நான் பக்கத்தில் இல்லை என்றா? நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், அம்மணி. ஆஸ்பத்திரிக்காரர்களே விட்டிருக்க மாட்டார்கள்.

அருள்குமாரின் மெயில் இன்னும் வரவில்லை. நேற்றுக் கேட்டேன். "ஐயோ மாமா, மறந்தே போயிட்டனுங்க" என்றான். அட்டை அவனுக்கும் ஒன்று மாட்டலாம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவாராம். அவரிடம் என் பெயரைச் சொல்லிவிடு. ஒரே ஒரு தடவை. மறதி இல்லை என்று தெரிந்தால் அட்டையைக் கழற்றிவிடுவார். அதன்பின் நீ சொல்வதைக் காதில் வாங்கித்தானே ஆக வேண்டும்?

வகுப்பில் நான் இரண்டு பாட்டில் வைப்பேன், ஒன்றில் உப்பு, இன்னொன்றில் சர்க்கரை. இரண்டும் வெள்ளை. சீட்டு ஒட்டாவிட்டால் பிள்ளைகள் நாக்கில் வைத்துப் பார்த்துவிடுவார்கள். பெயர் என்பது அந்தச் சீட்டு மாதிரிதான். உள்ளே இருக்கிற சரக்குக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

நான் பக்கத்தில் இருந்தால் தேவலை. இங்கே என் அறைக்குள்ளும் தட்டாமல்தான் வருகிறார்கள். நேற்று வேட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது ஒருத்தி துடைப்பத்தோடு வந்தாள். "நீங்க மாத்துங்க தாத்தா, நான் பாக்கலை" என்று சொல்லிப் பெருக்கிவிட்டுத்தான் போனாள். எனக்கே இப்படியென்றால் உனக்கு எப்படியோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உன்,
தம்பிதுரை


மாடி
21 ஆகஸ்ட்

மாமாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

டாக்டர் சின்ன வயசு. "வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க பார்ப்போம்" என்றார், குழந்தையை நிலா காட்டச் சொல்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். "வெரி குட்" என்று கையைத் தட்டினார். கூட நின்றவர்களும் தட்டினார்கள். பெயர் வெறும் சீட்டு என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குச் சீட்டாக இருக்கலாம். நான் எனக்குள்ளே வைத்திருந்தது அது ஒன்றுதான். அதை வெளியே எடுத்த பிறகு இவர்கள் சும்மா விடவில்லை. இப்போது துணி மாற்ற வருகிறவள்கூட, "பாட்டி, தம்பிதுரை சாப்டாரா? தம்பிதுரைக்கு உங்க மேல பாசம் உண்டா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். விளையாட்டுக்குத்தான் கேட்கிறாள். எனக்கு விளையாட்டாக இல்லை.

அட்டையைக் கழற்றவில்லை. நினைவு வந்து வந்து போகிறது என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

நான் கீழே வராததற்குக் கால்வலி காரணம் இல்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். என் முடியை வெட்டிவிட்டார்கள். ஒட்ட. ஆம்பளைப் பிள்ளைக்கு வெட்டுகிற மாதிரி. பேன் வரும், படுக்கையிலேயே இருப்பவர்களுக்குச் சீவி விட ஆள் இல்லை என்றார்கள். எனக்குப் பேன் இல்லை. கை நன்றாகத்தானே இருக்கிறது, நானே சீவிக்கொள்கிறேன், வெட்ட வேண்டாம் என்றேன். "சரிங்க பாட்டி" என்றார்கள். சொல்லிக்கொண்டே வெட்டினார்கள். கீழே விழுந்ததைப் பெருக்கி அள்ளியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேலை கிடையாது, நைட்டிதான். குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. யாரோ உள்ளே விழுந்துவிட்டார்களாம், அதனால் எல்லாக் கதவிலும் கழற்றிவிட்டார்களாம். கட்டிலுக்கு நடுவே திரையும் இல்லை. எனக்குத் துணி மாற்றும்போது ரம்ஜான் பீவி அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். அவருக்கு மாற்றும்போது நான் திரும்பிக்கொள்கிறேன். நாங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ள முடிந்தது அவ்வளவுதான்.

இந்தக் கோலத்தில் உங்கள் முன்னால் ஹாலில் வந்து உட்கார முடியாது.

இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். யாரிடமும் போய்ப் பேச வேண்டாம். எனக்கு முடி வளரட்டும்.

கனகம்


அறை 7
24 ஆகஸ்ட்

என் கனகத்துக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. சாப்பாட்டு மணி அடித்தது, போகவில்லை. அந்த முடிக்கு எண்ணெய் வைத்து நீ பின்னல் போடுவதை நான் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன், உனக்குத் தெரியாது என்று நினைத்து. உனக்குத் தெரியுமா?

முளைவிடும் விதைப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு அவரை விதை கொடுத்து மண்ணில் வைக்கச் சொல்வேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் பாதி முளைத்திருக்காது. காரணம், தினமும் தோண்டித் தோண்டிப் பார்த்திருப்பார்கள். அக்கறையால்தான் பார்ப்பார்கள். அந்த அக்கறையிலேயே விதை செத்துவிடும். இந்த இல்லத்தைப் பார்த்தால் எனக்கு அதுதான் நினைவு வருகிறது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. மூடி வைக்க மட்டும் தெரியவில்லை.

யாரிடமும் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஆனால் நான் மாடிக்கு வந்தால்தானே உனக்கு ஒரு துணை? திரைக்குப் பதிலாக நானாவது ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமே? அதனால் மறுபடியும் மேனேஜரிடம் போனேன். முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பயப்படாதே.

கிருபாசங்கர் என்ன சொன்னான் என்றால், "ஏனுங்க சார், நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலீங்க. முன்ன ஒருத்தரு அண்ணன்னு சொல்லி உள்ள போயி, ஒரு பாட்டிகிட்ட சொத்துக்குக் கைநாட்டு வாங்கிட்டுப் போயிட்டாருங்க. அதுல இருந்து எழுத்துல இல்லாம யாரையும் விடறதில்லீங்க" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

"எழுத்துல என்ன வேணுமுங்க? எங்க காலத்துல கல்யாணத்துக்குச் சர்டிபிகேட் ஏது? ரேஷன் கார்டு அருள்குமார் ஊட்ல இருக்குது" என்றேன்.

"புருஷனுக்கு மட்டுந்தான் தெரியும்ங்கற மாதிரி ஏதாச்சும் எழுதிக் குடுங்க சார். பெரிய சிஸ்டர் அவங்ககிட்டக் கேட்டுச் சரிபார்த்துக்குவாங்க. நான் மேலிடத்துல சொல்லி ஓகே வாங்கறேன்."

அறைக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். மூன்று பக்கம். நீ பிறந்த ஊர், தாலி கட்டிய கோயில், உனக்கு ஒத்துக்கொள்ளாத காய், நீ எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவாய் என்பது வரைக்கும். யாரும் மறுக்க முடியாதபடிக்கு ஒவ்வொன்றுக்கும் உதாரணம் கொடுத்திருக்கிறேன். ஒரு படமும் போட்டேன். ரிட்டயர் ஆன பிறகு இவ்வளவு தெளிவாக நான் எதையும் எழுதியதில்லை.

இன்னும் ஓரிரு நாளில் மேலே வந்துவிடுவேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொள். எனக்கு எப்படி இருந்தாலும் சரி.

உன்,
தம்பிதுரை


மாடி
27 ஆகஸ்ட்

மாமாவுக்கு,

உங்கள் மூன்று பக்கத்தையும் பார்த்தேன்.

நேற்று மதியம், சாப்பாடு முடிந்து வார்டில் எல்லோரும் விழித்திருந்த நேரம். பெரிய சிஸ்டர் தாளோடு வந்தார். கூட இரண்டு பெண்கள். பிறந்த ஊர் எது என்று கேட்டார், சொன்னேன். கோயிலையும் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தொடையில் தழும்பு இருக்கிறதா அம்மா" என்று கேட்டிருந்தால் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். என் நினைவுதான் வந்து வந்து போகிறதே, என்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?

"கொஞ்சம் நைட்டியைத் தூக்குங்கடி" என்றார்.

வேண்டாம் என்றேன். சரிங்க பாட்டி என்றார்கள். நான் கையால் பிடித்துக்கொண்டேன். ஒருத்தி என் கையை எடுத்து நெஞ்சுமேல் வைத்து, அங்கேயே பிடித்துக்கொண்டாள். வலிக்காமல்தான் பிடித்தாள்.

இன்னொருத்தி உங்கள் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கால் படம். முழங்கால் என்று எழுதி ஒரு கோடு, தொடை என்று எழுதி ஒரு கோடு, வெந்நீர்த் தழும்பு என்று எழுதி அம்புக்குறி. எவ்வளவு நீளம் என்பதும் எழுதியிருந்தீர்கள்.

"வாத்தியார் போட்டது கரெக்டுங்க சிஸ்டர். முழு மார்க் குடுத்தர்லாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சிஸ்டரும் சிரித்தார். எதிர்க் கட்டில்காரம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, "என்ன, என்ன" என்று கேட்டார். அவருக்கும் விளக்கிச் சொன்னார்கள். அந்த நேரத்தில் ரம்ஜான் பீவி அக்கா மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை.

கல்யாணமான வருஷம் வெந்நீர் அண்டா சரிந்தபோது நான் எங்கள் அம்மாவிடம்கூட அந்தப் புண்ணைக் காட்டவில்லை. நீங்கள் மருந்து போட்டீர்கள். அது நமக்குள் இருந்தது.

பெயரைக் கேட்டீர்கள், கொடுத்தேன். அது நானாகக் கொடுத்தது. இதை நான் கொடுக்கவில்லை. எழுதலாமா என்று ஒரு துண்டுச் சீட்டில் என்னைக் கேட்டிருக்கலாம். மாரியாத்தாள் தினமும் இரண்டு தடவை டீ கொண்டுவருகிறாள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

கனகம்


அறை 7
27 ஆகஸ்ட், மாலை

கனகம்,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

ஆபீசுக்குப் போய் அந்தத் தாள்களைத் திருப்பி வாங்கினேன். "பைல்ல போட்டாச்சுங்களே சார்" என்றான் கிருபாசங்கர். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன முகத்தோடு நின்றேனோ, பயந்துபோய் எடுத்துக் கொடுத்துவிட்டான். ஜெராக்ஸ் ஒன்று இருந்தது, அதையும் வாங்கினேன். படத்தை ஒரு பெண் போனில் எடுத்திருக்கிறாள் என்று மாரியாத்தாள் சொன்னாள். அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துக் கெஞ்சினேன். என் கண் முன்னால் அழித்தாள். "எதுக்குங்க தாத்தா அழறீங்க? சும்மா காலுதானுங்களே" என்றாள்.

கிழித்துப் போட்டுவிட்டேன். கிழித்து என்ன பிரயோசனம்? இருபது பேர் பார்த்துவிட்டார்கள்.

கேட்டுச் சரிபார்ப்போம் என்றுதான் அவன் சொன்னான். கேட்பார்கள் என்றே நினைத்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நான் உன்னைக் கேட்கவில்லையே, அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? பேனாவை எடுத்ததும் பரீட்சை எழுதுகிற பையன் ஆகிவிட்டேன். கேள்விக்குப் பதில் முழுசாக இருக்கிறதா என்பதுதான் மனசில் இருந்தது. நீ அதில் இல்லை.

எதற்கும் ஒரு உதாரணம் சொல்வேனே. இதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

தம்பிதுரை


அறை 7
3 செப்டம்பர்

கனகம்,

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. மாரியாத்தாளிடம் காலையிலும் மாலையிலும் கேட்கிறேன். "இல்லீங் சாமி" என்கிறாள். முன்பெல்லாம் கேலி செய்வாள். இப்போது அதுவும் இல்லை. டம்ளரை வைத்துவிட்டுப் போகிறாள்.

மேலே கட்டில் இழுக்கிற சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிடுகிறேன். உன்னைத்தான் ஏதோ செய்கிறார்கள், நீ வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று தோன்றுகிறது. கூரையைப் பார்த்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்னால்? உன்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தேன். என் கையெழுத்துக்கு மதிப்பு இல்லையாம். கோபியில் தூக்கி உட்கார வைக்க ஆளும் இல்லை, எனக்கு வலுவும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

நீ இருக்கிறாய் என்றாவது தெரியட்டும்.

தம்பிதுரை


அறை 7
10 செப்டம்பர்

கனகம்,

நேற்று நடந்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அருள்குமாரின் மெயில் வந்துவிட்டது. இரண்டே வரி. அத்தையும் மாமாவும் புருஷன் பொண்டாட்டி, உள்ளே விடவும் என்று. அவ்வளவு போதுமாம். ஒரு மாதம் முன்னால் அவன் இதைச் செய்திருந்தால் என்று நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. கிருபாசங்கர் தானே வந்து, "சார், கணவர்னு மாத்தியாச்சுங்க. தினமும் நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் நீங்க தாராளமாப் போலாமுங்க" என்றான்.

நாலு அடிக்கவில்லை, மாடியில் இருந்தேன். இரும்புக் கதவைத் திறந்துவிட்டார்கள். நேராக உள்ளே வந்துவிட்டேன். ஜன்னல் பக்கம் என்று நீ எழுதியிருந்தாய், தேடத் தேவையில்லை. உன்னைப் பார்த்துவிட்டேன். நீயும் என்னைப் பார்த்துவிட்டாய். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாய்.

"போங்க" என்றாய்.

நான் நின்றேன். ஒரு நிமிஷம் பேசிவிட்டுப் போகிறேன் என்றேன். மறுபடியும் "போங்க" என்றாய். அப்போதும் நான் போகவில்லை, கனகம். உன் கால்மாட்டில் கையை வைத்தேன். போர்வைக்குள் நீ நடுங்கியது கட்டில் வழியாக எனக்குத் தெரிந்தது. அதன் பிறகுதான் கையை எடுத்தேன்.

இறங்கி வரும்போது படியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது. கதவைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள். வா என்று நீ சொல்லவில்லை. உன் வார்டுக்குள் தட்டாமல் வருகிற ஆட்களில் நானும் ஒருவன் ஆகிவிட்டேன்.

இனிமேல் கேட்காமல் வர மாட்டேன்.

தம்பிதுரை


அறை 7
21 செப்டம்பர்

கனகம்,

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. நான் தினமும் ஏன் வந்து நிற்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நாலு மணிக்கு வருகிறேன். இரும்புக் கதவுக்கு வெளியே நின்று, "கனகம், வரட்டுமா?" என்று கேட்கிறேன். "வேண்டாம்" என்கிறாய். இறங்கிவிடுகிறேன். உன் குரல் கேட்கிறது. அது எனக்கு ஒரு நாளைக்குப் போதுகிறது என்று சொன்னால் பொய். ஆனாலும் அதை வைத்துத்தான் நாளை ஓட்டுகிறேன்.

கதவுப் பெண் நேற்று என்னைத் திட்டினாள். "ஏனுங்க தாத்தா, பர்மிஷன்தான் குடுத்தாச்சே, உள்ள போங்க. அவங்க அப்படித்தான் சொல்லிட்டுக் கெடப்பாங்க. அதையெல்லாம் கேட்டா ஆகுமுங்களா?"

"கேக்கோணும் கண்ணு" என்றேன்.

"முட்டி வலியோட இத்தனை படி ஏறி வந்து, ஒரு வார்த்தை வாங்கிட்டு எறங்கிப் போறீங்களே, பைத்தியமுங்களா?"

இருக்கலாம் என்றேன்.

கோபம் தணிந்ததா என்று கேட்க ஆசை. கேட்கலாமா என்றுகூடத் தெரியவில்லை. உனக்குத் திரை வந்துவிட்டதா? முடி வளர்கிறதா? எதையும் யாரிடமும் நான் கேட்பதில்லை. நீ சொன்னால் தெரிந்துகொள்கிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

உடம்பு முன்போல் இல்லை. அதனால் சொல்லி வைக்கிறேன்: ஒரு நாள் நாலு மணிக்கு என் குரல் கேட்காவிட்டால், கோபித்துக்கொண்டு நின்றுவிட்டேன் என்று நினைத்துவிடாதே.

தம்பிதுரை


மாடி
29 செப்டம்பர்

மாமாவுக்கு,

திரை வரவில்லை. கேட்டேன். சரிங்க பாட்டி என்றார்கள்.

நீங்கள் கடைசிப் படியில் மூச்சு வாங்க நிற்பது இங்கே கேட்கிறது. பிறகு செருப்பைக் கழற்றுகிற சத்தம். உள்ளே வரப்போவதில்லை என்று தெரிந்தும் எதற்குக் கழற்றுகிறீர்களோ. வார்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எதிர்க் கட்டில்காரம்மா, "வந்துட்டாருடோய்" என்கிறார். நீங்கள் கேட்கிறீர்கள். நான் சொல்கிறேன். நீங்கள் இறங்குகிறீர்கள்.

ரம்ஜான் பீவி அக்கா நேற்று என்னிடம் கேட்டார். "ஏம்மா, அந்த மனுசனைப் பாத்தா பாவமா இல்லையா? நம்மளைப் பாக்க யாரு இப்படி வர்றாங்க? ஒரு நாளைக்கு வான்னு சொன்னா என்ன குறைஞ்சு போயிரும் உனக்கு?"

எனக்கு அவரிடம் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

பால் வேண்டாம் என்றால் பால் வருகிறது. விளக்கைப் போட வேண்டாம் என்றால் போடுகிறார்கள். குளிப்பாட்டும்போது கதவைத் திறந்து வைக்க வேண்டாம் என்றால் சிரிக்கிறார்கள். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லி, அதனால் இந்த மாடியில் ஒன்று நடக்காமல் நிற்கிறது என்றால், அது நாலு மணிக்கு மட்டும்தான். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு மறதி இல்லை, பைத்தியம் இல்லை. அதற்காகக் காலையிலிருந்து காத்திருக்கிறேன்.

உங்கள்மேல் கோபம் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. தேடிப் பார்த்தால் சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. அந்தப் படம் மட்டும் கண்ணை மூடினால் வருகிறது. அம்புக்குறியோடு வருகிறது. அது போகும் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. போன பிறகு கூப்பிடுகிறேன் என்றும் சொல்ல முடியாது. நமக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

கடிதம் இதோடு போதும். எழுதினால் மனசு இளகி வா என்று எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் முட்டியைப் பார்த்துப் பாவப்பட்டு நான் அதைச் சொல்லக் கூடாது.

நாளைக்கும் நாலு மணிக்கு வாருங்கள். வரட்டுமா என்று கேளுங்கள். நான் வேண்டாம் என்று சொல்வேன். போய்விடுங்கள்.

கனகம்